வான்கதவுச் சாவி

கழுத்தில் விழுந்த மாலையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது. எஞ்சினியர் றிஸ்மி முதலில் கைதட்ட, மற்ற உத்தியோகத்தர்களும் தட்டினார்கள். மசூர் சிரிக்கவில்லை. கூச்சப்படுகிறான் என்று மேலதிகாரி நினைத்துக்கொண்டார்.

சட்டை அவனுடையதல்ல. யாரோ கொடுத்தது, தோள் இரண்டும் கீழே தொங்கின.

"பள்ளக்காட்டுக் குளத்து வான்கதவுக் காவலர்!" ஒலிபெருக்கியில் முழங்கினார் மேலதிகாரி. கொழும்பிலிருந்து காலையில்தான் கல்முனைக்கு வந்தவர். குளத்தைக் கண்டதில்லை, றிஸ்மி எழுதி அனுப்பியதைத்தான் படித்திருந்தார். "உத்தரவு கிடைக்கிற வரைக்கும் கதவில கை வைக்காத மனிசன்! சுற்றுநிருபத்த எப்பிடி மதிக்கிறதெண்டு இவரிட்டப் படியுங்க!"

மசூர் றிஸ்மியைப் பார்த்தான். போன மாரியில் இதே கை மேசையைத் தட்டியது.

அன்று மழை குளத்தை விளிம்புவரை நிரப்பியிருந்தது. ஊரடங்குச் சட்டம் வேறு. உத்தரவு கேட்கப் போக வழியில்லை. குளக்கட்டுக்குக் கீழே ஊர். ஊருக்குள் அவன் மனைவி சுல்பிகா, தொட்டிலில் மகள். மசூர் வான்கதவைத் திறந்து, மிகைநீரை வெளியே விட்டான். கட்டு தப்பியது. பெரிய நிலக்காரரான போடியார் ஒருவரின் நெல் வேளாண்மை மட்டும் வெள்ளத்தோடு போனது.

விசாரணை வைத்தார் றிஸ்மி.

"திறக்கச் சொல்லி ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல சேர். கணக்குப் பாத்தன். திறந்தா வேளாண்மை போகும். திறக்காம விட்டுக் கட்டு உடைஞ்சா ஊர் போகும். பத்துத் தரத்தில ஒரு தரம்தான் உடையும் எண்டு வைங்க, அப்பயும் திறக்கிறதுதானே சரி?"

"கட்டுத்தான் உடையல்லியே! உடைஞ்சிருக்கும் எண்டதுக்கு அத்தாட்சி எங்க?"

"அத்தாட்சி வேணுமெண்டா உடைய விடணும் சேர்."

றிஸ்மியின் முகம் கறுத்தது. "வாய் கூடிப் போச்சு உனக்கு. ஒழுங்காக் கணக்குப் போடு. திறந்தா உன்ட வேலை போகும். உத்தரவு வரும்வரை குந்தியிருந்தா, என்ன நடந்தாலும் உனக்கு ஒண்டும் நடக்காது."

மாதக்கணக்கில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. சுல்பிகா பொங்கிவிட்டாள். "இஞ்ச பாருங்க, இது என்ட ஊடு, என்ட வாப்பா கட்டித் தந்த ஊடு. இனி உத்தரவில்லாம அந்தக் கதவத் தொட்டா இந்த வாசல மிதிக்காதீங்க!"

ஒருவழியாக வேலை திரும்பக் கிடைத்தது. இந்த மாரியிலும் அதே மழைதான். மசூர் சாவியை மடியில் செருகிக்கொண்டு, வான்கதவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். உத்தரவு வந்தது. அதன் பிறகுதான் எழுந்தான்.

"இப்பிடி எல்லாரும் இருந்தா நாட்டில ஒரு பிரச்சினையும் இல்ல!" மேலதிகாரி சான்றிதழை நீட்டினார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். ஊராருக்கென்று அவர் ஒதுக்கச் சொன்ன நாற்காலிகள் அப்படியே காலியாகக் கிடந்தன.

"சேர், தேத்தண்ணி ஆறுது..." குறுக்கே விழுந்தார் றிஸ்மி.

"இரும் றிஸ்மி. மசூர், எங்க உங்கட மனிசி? புள்ளையையும் கூப்பிடுங்க, ஒரு படம் எடுப்பம். என்னப்பா, ஊராக்கள் ஒருத்தருமே வரல்லியா?"

மசூர் மாலையைக் கழற்றி முன்வரிசை நாற்காலி ஒன்றில் வைத்தான்.

"உத்தரவு வரக்குள்ள ஊர் இருக்கல்ல சேர்."