இன்பசேகரனுக்கு முதலிடம்

இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டேன். "பாதி போதும்" என்ற என் கணவர் இன்பசேகரன், அது வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் மின்மயானத்தில், இணையத் தேடலில் யாருடைய இரங்கல் கட்டுரை முன்னால் வருகிறதோ அவருக்குத்தான் முதல் தகனம். "அன்பானவர், பண்பானவர்" என்று பக்கம் பக்கமாக எழுதினேன். தொண்ணூறாவது இடம். அவர் ஐஸ் பெட்டியில் காத்திருந்தார்.

"எல்லாரும் இதையேதான் நீட்டி எழுதுறாங்க, அண்ணி. வேற யாருக்கும் தெரியாததை எழுதுங்க" என்றார் கொழுந்தன்.

அவர் தினமும் விடியற்காலையில் பக்கத்து வீட்டுச் செய்தித்தாளை எடுத்து, குறுக்கெழுத்தை நிரப்பிவிட்டு, மடித்துத் திரும்ப வைத்துவிடுவார் என்று நாலே வரி எழுதினேன். மதியத்துக்குள் முதலிடம்.

பக்கத்து வீட்டு தெய்வநாயகம் அதைப் படித்துவிட்டு மயானத்துக்கே ஓடிவந்தார்.

"இத்தனை வருஷமா பேப்பர்காரனைத் திட்டிக்கிட்டிருந்தேனேம்மா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுலயும் பாதி விடை தப்பு."

முதலிடம் வந்த பிறகும் அந்த விடைகள் தப்பாகவேதான் இருந்தன.