காலியாகக் கிடந்த கட்டம்

சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நாற்பத்தைந்து வருடம் முன்பு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களின் வருடாந்திரக் குடும்பச் செய்தி மடல் இன்று பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய கைபேசிக்கும் தானாகப் போய்விடும். பூமி சுற்றுவது நின்றாலும் மடல் நிற்காது.

மடலாசிரியர், ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி, காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தன் செயற்கை மூட்டைப் 'புதுவரவு' பகுதிக்கு அனுப்பியிருந்தார். இன்னொருவர் பேரன் படம் என்று நாய் படத்தை அனுப்பியிருந்தார். நடுவே மகன் வேறு நாலு முறை அழைத்தான். மடல் வேலையில் இருப்பவருக்கு மகனாவது, மருமகளாவது? எடுக்காமலேயே துண்டித்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், விடுதியில் ஒரே அறையில் இருந்த 'ஒட்டடைக்குச்சி' அழைத்தார்.

"டேய், என் பொண்ணுக்குக் காலையில..."

"வாயால சொன்னா செல்லாது. படிவத்துல எழுதி அனுப்பு."

"உனக்குமாடா படிவம்?"

"யாரா இருந்தாலும் விதி விதிதான்!"

படிவம் வந்தது. 'மகளுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ. பத்து நாள் முந்திக்கொண்டு பிறந்தது. இருவரும் நலம்.' மடலாசிரியர் அதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அவரே அழைத்துக் கத்தினார்.

"அரைகுறையா அனுப்பி ஏன்டா என் உயிரை வாங்குற? குழந்தையோட அப்பா வழித் தாத்தா யாரு? கட்டம் காலியா கிடக்கு!"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது.

"நீதான்டா, சம்பந்தி!"

மணி பன்னிரண்டைத் தாண்டி மூன்று நிமிடம். மடல் போய்விட்டிருந்தது.

பேத்தி பிறந்த செய்தி, தாமதமாக வந்ததால், அடுத்த வருட மடலில் இடம்பெறும்.