கர்னலுக்குத் தகுதிச் சான்று

லாரிக்கு அடியில் நீண்டு வந்த டீ டம்ளரைப் பார்த்த அதிர்ச்சியில் நூலகர் தலையை இடித்துக்கொண்டார். பதினோரு வருஷமாக அந்த இடத்துக்கு மனைவியிடமிருந்து வசவுதான் வந்திருக்கிறது. டீ வந்ததில்லை.

"குடிச்சிட்டு வேலையைப் பாருங்க. இன்னியோட எல்லாம் நல்லபடியா முடியணும்" என்றாள் அவள். வலது தோளில் தைலம் தடவியிருந்தாள். அந்த நெடியில் டீசல் வாசனையே அமுங்கிப் போனது.

"தோள்ல என்ன?"

"நேத்து பீரோவை நகர்த்தினேன்."

பாவம், இந்த வயதில் பீரோவையெல்லாம் நகர்த்துகிறாள் என்று அவருக்குக் கஷ்டமாக இருந்தது. டீயைக் குடித்தார். சர்க்கரைகூடச் சரியாக இருந்தது.

முப்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் 'உஷ்' என்று அடக்கிக்கொண்டிருந்த மனுஷர், ஓய்வு பெற்ற வாரமே ராணுவ ஏலத்துக்குப் போய், ஊரிலேயே அதிகமாகச் சத்தம் போடும் லாரியை வாங்கி வந்தார். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வண்டிக்குக் கர்னல் என்று பேர் வைத்து, தினமும் காலையில் ஒரு சல்யூட் அடிப்பார்.

கர்னல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதிலிருந்து கூடத்துக்குள் வெயில் வந்ததில்லை. மகள் கல்யாண போட்டோவில் நடுநாயகமாகக் கர்னல்தான் நிற்கும். பெண்ணைப் பெற்றவள் ஓரத்தில், பம்பருக்குப் பக்கத்தில் பாதி தெரிவாள்.

வண்டியைப் பற்றி வாயைத் திறந்தால் அவர் மூடமாட்டார். பேட்டரி ஏன் இரண்டு, இடது பக்கச் சக்கரத்து நட்டு மட்டும் ஏன் எதிர்த் திசையில் இறுகும், டேங்க் மூடிக்கு ஏன் சங்கிலி என்று பேசிக்கொண்டே போவார். அவள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள், அரைக்க உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

இன்றைக்கு விஷயம் விளையாட்டில்லை. தகுதிச் சான்றுப் பரிசோதனையில் கர்னல் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. முதல் தடவை பிரேக். போன தடவை இடது பக்கத்து நட்டுகள் லொடலொட. இதிலும் தோற்றால் வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று நூலகர் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கடைக்காரர் போன வாரமே வந்து நீள அகலம் அளந்துகொண்டு போனார். அவருக்கு இரண்டு டம்ளர் டீ கிடைத்தது.

சான்று இல்லாத வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்பதால் பரிசோதகர் வீட்டுக்கே வந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல் ஒரு முகம். பிரேக்கை மிதிக்கச் சொன்னார், விளக்கைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"போன தடவை நட்டுலதானே கோட்டை விட்டீங்க?" என்று நீளமான ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இடது பக்கம் நடந்தார்.

நூலகருக்கு அப்போதுதான் சுரீர் என்றது. நேற்றுக் காலை இடது பக்கத்து நட்டுகளை இறுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அரைகுறையாக முடுக்கிவிட்டு, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். எழுந்தவர் சுத்தமாக மறந்துவிட்டார்.

"சார், வலது பக்கம் பாத்துடலாமே. இங்க ஒரே வெயில்."

"வெயில் எனக்குத்தானே. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க."

ஜன்னலில் மனைவி கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கும் தெம்பு நூலகருக்கு இல்லை. கர்னலின் மூக்கை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அழுகை வந்தது.

பரிசோதகர் ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். நட்டு அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். கடைசியில் ஸ்பேனர் மேல் ஏறி நின்றே பார்த்தார். முன்னாலும் பின்னாலும் பதினாறு நட்டு. ஒன்றுகூட இம்மி நகரவில்லை.

"யாருங்க இறுக்கினது?"

"நான்தான் சார். இல்ல... நான்தான்."

"யாரா இருந்தாலும் இனிமே கொஞ்சம் பாத்து இறுக்கச் சொல்லுங்க. பஞ்சர் ஆனா கழட்ட ஆள் பிடிக்கணும்." கையெழுத்துப் போட்டுச் சான்றை நீட்டினார்.

நூலகர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மனைவியைக் காணோம்.

சமையலறை ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கொடியில் அவள் நேற்றுக் கட்டியிருந்த புடவை தொங்கியது. துவைத்தும் போகாமல் முந்தானையில் கறுப்பாகக் கிரீஸ். நூலகர் அதைப் பார்த்தார், அவள் தோளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நம்ம பீரோவுல ஏது கிரீஸ்?" என்றார். "நேத்து நான் தூங்கறப்ப ஸ்பேனரை எடுத்தது நீதானே?"

அவள் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சுபோச்சா? மன்னிச்சிருங்க. எனக்கு வேற வழி தெரியலை."

"மன்னிப்பா? முப்பத்தஞ்சு வருஷமா உன்னைப் புரிஞ்சுக்காம இருந்த நான்தான்டி மன்னிப்புக் கேக்கணும்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இடது பக்கத்து நட்டை எதிர்த் திசையில சுத்தினாத்தான் இறுகும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மிக்ஸி ஓடறப்பவும் நீ கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கே."

அவள் மெல்ல நிமிர்ந்து, அவர் கையிலிருந்த சான்றைப் பார்த்தாள்.

"அப்ப நேத்து நான் கழட்டலையா?"