மெஹரூனுக்காக

நோன்பு மாதத்தில் ஆளுக்கொரு முஸ்லிம் குடும்பத்துக்காக ஜெபிப்பது என்று தேவாலயத்தின் அன்பியக் கூட்டத்தில் முடிவானபோது, அமுதா எடுத்த சீட்டில் மெஹரூன் என்ற பெயர் இருந்தது. அதியமான்கோட்டையில் தனியாக இருக்கும் விதவை. மகன் விபத்தில் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம்.

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அமுதா தருமபுரியில் தன் வீட்டில், தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில் முழங்காலிட்டாள். இருபதாம் நாள் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பேரீச்சம்பழத்தோடு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த மெஹரூன் திகைத்தாள்.

"நீ எப்ப கண்ணு வெளிய போன?"

"நான் இப்பதாங்கம்மா வரேன். என் பேரு அமுதா. உங்களுக்காக ஜெபம் பண்றவங்க."

"தெரியுமே. முதல் நோன்புலருந்து தினமும் வந்து பக்கத்துல இருக்கிறியே. அதனாலதான் எனக்கு ரெண்டு வாய் கஞ்சி உள்ள எறங்குது."

"இந்த வூட்டுக்கு நான் வந்ததே இல்லீங்கம்மா."

மெஹரூன் மெல்லத் திரும்பி உள்ளே பார்த்தாள். "அப்ப அது யாரு?"

பாயில் ஒரு பெண் தலை குனிந்து முழங்காலிட்டிருந்தாள். மெஹரூனின் பெயரைச் சொல்லி அவள் ஜெபித்தது அமுதாவின் குரலில்.

அமுதாவுக்கு ஓடிவிடத் தோன்றியது. ஆனால் மெஹரூன் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்தக் கையை உதற மனம் வராமல், அமுதா உள்ளே போய் அந்தப் பெண்ணின் அருகில் முழங்காலிட்டாள்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மெஹரூன் மூன்று கிண்ணங்களில் கஞ்சி ஊற்றினாள்.