ஓடிக்கொண்டிருப்பது

சுதாகர் எழுந்தான், பல் துலக்கினான், டீ போட்டுக் குடித்தான், அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் படகேறிச் சாத்தம் தீவுக்கு வந்தான். பழைய பேட்டரிகளைச் சேர்த்துக் கப்பலில் மெயின்லேண்டுக்கு அனுப்பும் அறையில் பழனியாண்டி இருந்தார்.

"கொண்டாங்க தம்பி. பழசுலேருந்து லித்தியம் எடுத்தா, எங்கேயோ ஒரு மலையைத் தோண்ட வேணாம்."

சுதாகர் உள்ளங்கையைத் திறந்தான். வெள்ளி நிறத்தில் சிறிய வட்டு.

"அரே, வாட்சா? செத்துப்போச்சா?"

"ஓடுது. இன்னும் ஆறு வருஷம் ஓடும்."

"பாகலா நீங்க, பைத்தியமா? ஓடுறதை யாராவது தூக்கிப் போடுவாங்களா? வீட்டுக்காரம்மா திட்டப்போறாங்க!"

"உமாவோடதுதான். பேஸ்மேக்கர். தீயில வெடிக்கும்னு, எரிக்கிறதுக்கு முன்னால ஆஸ்பத்திரியில எடுத்துக் குடுத்தாங்க."

பழனியாண்டி எழுந்து நின்றார்.

"வேணாம் தம்பி. நீங்களே வெச்சிக்கங்க."

"வெச்சிருந்தேன். வீட்டுல அது மட்டும் ஓடிட்டிருக்கு. தாங்க முடியலைண்ணே."

சுதாகரின் விரல்கள் வட்டின்மேல் மூடிக்கொண்டன. பழனியாண்டி பேட்டரிப் பெட்டியை நீட்டாமல் காத்திருந்தார். சுதாகரே குனிந்து, அதைப் பெட்டிக்குள் வைத்தான்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"காய்ச்சல்ல படுத்திருந்தா. மருந்து வாங்கக் கிளம்பினேன். 'சாவியை எடுத்துட்டுப் போங்க, நான் தூங்கிடுவேன்'னா."