சார்ந்தோர் சான்றிதழ்

சூளையில் செங்கல் சுமந்த கழுத்துவலியோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நின்றேன். சார்ந்தோர் சான்றிதழ் கிடைத்தால் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் கல்லூரி. இல்லையென்றால் மறுபடி சூளை. அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பட்டாளத்துக்காரர் சின்னையன் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிய கிளார்க் என்னைப் பார்த்தார். “செவந்தின்னு மகள் பேரு இருக்கு. ஆனா உன் மார்க் ஷீட்ல இனிஷியல் வேறயா இருக்கே. இவர் உனக்கு அப்பாதானே?”

வீட்டில் அவரை ‘மிலிட்டரி’ என்றுதான் கூப்பிடுவேன். தலையை மட்டும் ஆட்டினேன். முத்திரை விழுந்தது.

டீக்கடையில் மிலிட்டரி சொன்னார், “கழுத்து வலிக்குதா? இனிமே புத்தகம் தூக்கு. அதுவும் கனம்தான்.”

படித்தேன், டீச்சர் ஆனேன். அவரைப் புதைத்துப் பதினோரு வருஷம். சூளைப் புகை வாசம் வந்தால் அந்த டீதான் ஞாபகம் வருகிறது. ஒரு தடவையாவது ‘அப்பா’ என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.