தோட்டாக் கூட்டில் கொஞ்சம் இடம்

"கூடு நிறையற மருந்து வேண்டாம், லெஸ்டர். தோட்டாக் கூட்டுல பாதிக்கு மேல காலியா இருக்கணும். அப்படி ஒண்ணு குடுங்க."

லெஸ்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெர்லாவைப் பார்த்தார். மான்டானா மலையடிவாரத்தின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கிக் கடை அவருடையது ஒன்றுதான். வருஷம் ஒருமுறை, வேட்டைக்காலம் திறப்பதற்கு முன், வெர்லாவின் கணவர் ராய்ஸ் தூரத்துப் பண்ணையிலிருந்து வருவார். தோட்டாவில் அடைக்க எந்த வெடிமருந்து நல்லது என்று லெஸ்டரோடு அரைநாள் மல்லுக்கட்டுவார். வெர்லா வெளியே வண்டியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். இன்று அவள் மட்டும் உள்ளே வந்திருந்தாள்.

"ராய்ஸ் எங்க?"

"வண்டியில."

"என்கிட்ட வாதாடித் தோத்தது போதும்னு உன்னை அனுப்பிட்டானா?"

வெர்லா சிரிக்கவில்லை. அவள் முகம் வற்றிப் போயிருந்தது.

"என்ன குண்டு?" என்றார் லெஸ்டர்.

"அவர் வார்த்து வச்ச ஈயக் குண்டு. அதே பழைய ரைஃபிள்."

"ஈயத்தை மெதுவாத்தான் தள்ளணும். வேகம் கூடினா குழல்ல அப்பிக்கும். ஆனா நீ கேக்கற மருந்து ஆபத்தும்மா. கொஞ்சூண்டு அடியில கிடக்கும். கவனம் பிசகி அதே கூட்டுல ரெண்டாம் தடவை போட்டாலும் தெரியாது. துப்பாக்கி மூஞ்சியிலயே வெடிக்கும். பொசபொசன்னு இருக்கற மருந்து எடுத்துக்க. கூடப் போட்டா வழிஞ்சு காட்டிக் குடுத்துடும்."

"அடைக்கப் போறது ஒரே ஒரு தோட்டா. எப்படிப் பிசகும்?"

"ஒண்ணா? எல்க் மான் என்ன, சொல்லி வச்ச மாதிரி வந்து நிக்குமா? மலை முகட்டுல வேட்டைக்கு, குலுக்கல்ல அவன் பேருக்கு அனுமதிச் சீட்டு விழுந்திருக்காமே. அதுக்கு ஆயுசு முழுக்க நானும் எழுதிப் போட்டேன், விழல. கொடுத்து வச்சவன்."

வெர்லா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சீட்டு விழுந்த வாரம்தான் டாக்டர் கையை விரிச்சார்."

லெஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். வேடிக்கை பேசியதற்காகத் தன்னைத்தானே நொந்துகொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. ரொம்ப வலியா அவனுக்கு?"

"இப்ப வலி இல்ல."

"அவனால துப்பாக்கியைத் தூக்க முடியுமா? சீட்டு அவன் பேர்ல. நீ மானைச் சுட்டா வனக்காவலர் பிடிச்சுக்குவார்."

"மானைச் சுடல. அந்த முகட்டுல நின்னு வானத்தைப் பார்த்து ஒரு தடவை. அவர் கேட்டது அவ்வளவுதான். எத்தனையோ வைத்தியம் பார்த்தோம், ஒண்ணும் பலிக்கல. என்னால அவருக்கு எதுவும் செய்ய முடியல, லெஸ்டர். இதுவும் கெட்டுப்போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?"

லெஸ்டர் மேற்கொண்டு வாதாடவில்லை. அவள் கேட்ட மருந்தையே எடுத்து, எவ்வளவு போடவேண்டும் என்று இரண்டு முறை சொல்லி, அவளையும் சொல்லவைத்தார்.

"காலி இடத்துல மருந்து உருளக் கூடாது. மேல ஏதாவது வச்சு அடைக்கணும். பஞ்சு தரட்டுமா? சிலபேர் உப்புமா ரவைகூடப் போடுவாங்க."

"வேண்டாம். வைக்க இருக்கு. அதுக்குத்தான் இடம் கேட்டேன்."

ராய்ஸுக்குப் பிடித்த உப்புக்கண்டப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு லெஸ்டரும் அவளோடு வெளியே வந்தார். நோயாளியிடம் என்ன பேசுவது என்று யோசித்தபடியே வண்டிக் கதவைத் திறந்தார்.

முன் இருக்கையில் ஆள் இல்லை. ஒரு பழைய வெடிமருந்து டப்பாவுக்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தது. அதன் மேல் ராய்ஸின் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பி.

"என்னம்மா இது? மருந்துதான் டப்பா நிறைய வச்சிருக்கியே. ராய்ஸ் எங்க?"

வெர்லா தொப்பியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அதுல மருந்து இல்ல, லெஸ்டர். போன மாசம் அவரை எரிச்ச சாம்பல். கூட்டுல மிச்ச இடம் அவருக்கு."